உள்ளே போகும் வழி – 9: ஒரு டம்ளர் கல்

உணவுக்குழாய் வெறும் குழாய் இல்லை, சுருங்கி விரியும் தசை; மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. மறந்தவர்கள் போன இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தசையின் பலத்தை அழுத்தமானி வைத்து அளப்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு கல் குறுக்கே வந்துவிட்டது.

ஆந்திராவில் பழைய கடப்பா மாவட்டத்து மங்கம்பேட்டையில் கிடைக்கும் பேரைட் கல். ஒரே இடத்தில் இவ்வளவு பேரைட் உலகத்தில் அபூர்வம். சென்னைத் துறைமுகம் வழியாகவும் அது கப்பலேறியிருக்கிறது. எதற்கு? எண்ணெய்க் கிணறு தோண்ட! பொடியாக்கிச் சேற்றில் கலந்து துளைக்குள் விட்டால், அதன் கனம் கீழிருந்து பீறிடும் எண்ணெயையும் வாயுவையும் அழுத்திப் பிடிக்கும். தண்ணீரைவிட நாலு மடங்குக்கு மேல் கனம்.

கல்லுக்குள் இருப்பது பேரியம் சல்பேட். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, ராயபுரத்துக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பழகிய ஸ்டான்லி போன்ற மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறையில் வெள்ளை வெளேரென்று டம்ளரில் தருவதும் அதேதான். (1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தால் வந்த பெயர் அது. விழுங்குவதைப் பற்றி எழுதுபவனுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.) கல்லை அப்படியே அரைத்துக் கொடுப்பதில்லை, ரசாயன முறையில் சுத்தம் செய்து மாவாக்கியது. பேரியம் கார்பனேட் எலி பாஷாணம். சல்பேட்டோ தண்ணீரில் கரையாது, உடம்பில் சேராது, வந்த வழியே போய்விடும். எக்ஸ்ரே கதிரை மட்டும் தடுக்கும்.

அதை ஒரு மடக்கு குடிக்க வேண்டும். தசையின் அலை அதைத் தள்ளிக்கொண்டு இரைப்பைக்குப் போக எட்டுப் பத்து விநாடி. ஒரே ஒரு படம் எடுத்தால் இது தெரியாது. ஓட ஓடப் பார்க்க வேண்டும். 1, 2, 5 நிமிடங்களில் படம் எடுத்து, எவ்வளவு உயரம் தேங்கி நிற்கிறது என்று அளப்பதும் உண்டு. அகலேசியா நோயில் கீழ்க்கதவு திறக்காது. மேலே குழாய் வீங்கி, அடியில் பறவை அலகாகக் கூம்பியிருக்கும்.

அலகு என்றதும் வாத்து ஞாபகம் வருகிறது. எக்ஸ்ரே கண்டுபிடித்து ஒரு வருஷம்தான் இருக்கும், 1896இல் ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன் விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனைகளைத் தொடங்கிவிட்டார். பேரியம் போலவே கதிரைத் தடுக்கும் பிஸ்மத் கலந்த தீனியைப் பெருவாத்துக்கு ஊட்டி, அது கழுத்தில் இறங்குவதைப் பார்த்தார். வாத்தை ஏன் பிடித்தார்? அவ்வளவு நீளக் கழுத்து வேறு எதற்கு இருக்கிறது! பேரியம் பிஸ்மத்தின் இடத்தைப் பிடித்தது 1910க்குப் பிறகுதான்.

காசிமேட்டு மீனின் முள் மாட்டியவர்கள் பேரியம் கேட்க வேண்டாம். அது குழாய்ச் சுவரில் பூசிக்கொண்டு எண்டோஸ்கோப்பியில் முள்ளையே மறைத்துவிடும்.

பக்கம் முடிந்துவிட்டது, ஆசிரியர் போனில் கூப்பிடுகிறார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கவைத்து, 36 உணரிகளால் அழுத்தத்தை அளக்கும் கதை அடுத்த வாரம். சாப்பிட்டது நெஞ்சில் நிற்கிறது என்பவர்கள் மட்டும் அதுவரை காத்திருக்காதீர்கள். புற்றுநோயோ அடைப்போ இல்லை என்று எண்டோஸ்கோப்பியில் முதலில் பார்த்துவிடுங்கள்.