ஊர்க் கணக்கு சரி, நம்ம குழந்தை?



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது ஸ்ரீரங்கம். "ஆற்றில் சராசரி ஆழம் முழங்கால்தான்" என்று யாராவது சொன்னால், ஆடிப்பெருக்கன்று குழந்தையைத் தனியே இறங்க விடுவீர்களா? மாட்டீர்கள். எங்கே மடு இருக்கிறதோ என்றுதான் பார்ப்பீர்கள். குடும்பநலக் கணக்கும் அப்படித்தான்.

ஒரு கிராமத்தில் ஐந்து குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். எடை கிலோவில் 1.7, 2.9, 2.9, 3.1, 3.4.

கூட்டுச்சராசரி: ஐந்தையும் கூட்டினால் 14. அதை ஐந்தால் வகுத்தால் 2.8.

இடைநிலை: சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது 2.9.

முகடு: அதிகத் தடவை வருவது 2.9.

பிறக்கும் குழந்தை 2.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. மூன்று கணக்கும் அதற்கு மேலே நிற்கின்றன. "நம்ம ஊரு நல்லாத்தான் இருக்கு" என்று தோன்றும். ஆனால் 1.7 கிலோ குழந்தை அதற்குள் மறைந்து போயிற்றே! அதைத் தாயின் மார்போடு சேர்த்துக் கதகதப்பாக வைத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாய்ப்பால் தவிர சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் தரக் கூடாது.

இன்னொரு கணக்கு. "ஏங்க, மூத்தவனுக்கும் அடுத்தவளுக்கும் ஒரு வருஷம், அவளுக்கும் கடைக்குட்டிக்கும் அஞ்சு வருஷம். சராசரி மூணு வருஷம் ஆச்சே?" என்கிறாள் மனைவி. கணக்கு சரிதான். ஆனால் அந்த முதல் ஒரு வருஷத்தில் தாயின் உடம்பு தேறவே இல்லை. பின்னால் வந்த ஐந்து வருஷம் அதை ஈடுகட்டாது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு வருஷமாவது கழித்தே அடுத்த கர்ப்பம் தரிப்பது நல்லது. அதுவரை காப்பர்-டி, மாத்திரை, நிரோத் இவற்றில் எது பொருந்தும் என்று இருவரும் சேர்ந்து நர்சம்மாவிடம் கேளுங்கள்.

அப்படியானால் சராசரி எதற்கு? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. எந்த வீட்டுத் தொட்டிலிலும் 1.8 குழந்தை தூங்குவதில்லை! எத்தனை தடுப்பூசி, எத்தனை படுக்கை வேண்டும் என்று திட்டமிட அந்த எண் உதவும். உங்கள் வீட்டுக்கு உதவுவது உங்கள் குழந்தையின் எடை, உங்கள் மனைவியின் இரத்த அளவு.

ஆகவே, தாய்–சேய் அட்டையில் ஒவ்வொரு மாதமும் எழுதும் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்திருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

ஊர்ச் சராசரி ஊருக்கு. உங்கள் அட்டை உங்களுக்கு.