மடிக்கணினியின் பேட்டரி நீடித்து உழைக்க...

மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களில் வாழும் நமது குடும்பங்களில் மடிக்கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. பெற்றோரின் அலுவலும் பிள்ளைகளின் படிப்பும் அதைச் சார்ந்திருக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே, மின்இணைப்பை எடுத்தவுடன் கணினி அணைந்துவிடுவதாகப் பலர் வருந்துகின்றனர். புதிய பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. இதற்கு நமது பழக்கங்களும் ஒரு காரணமாகும்.

“முற்றிலும் தீர்ந்த பின்னரே சார்ஜ் செய்ய வேண்டும்” என்பது பலரும் கேட்டிருக்கும் அறிவுரை. அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்கு உரியது. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம்-அயான் பேட்டரி. 1991-ஆம் ஆண்டு சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் உருவாக்கத்திற்காகவே குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த பேட்டரிக்குப் பகைவர்கள் மூன்று: முழு வெறுமை, நீண்டநேர முழு நிறைவு, வெப்பம். முழுவதும் நிறைந்த நிலையில் அதன் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது உள்ளே நிகழும் வேதிவினைகள் லித்தியத்தைச் சிறிது சிறிதாகச் செலவழிக்கின்றன. வெப்பம் அவ்வினைகளை விரைவுபடுத்துகிறது.

ஆகவே, 20 சதவீதத்திற்குக் கீழே இறங்குமுன் சார்ஜ் செய்து, 80 சதவீத அளவில் நிறுத்துவது நல்லது. இடையிடையே சார்ஜ் செய்ய அஞ்ச வேண்டியதில்லை. இன்று பாதியும் நாளை பாதியும் செலவழித்தால், இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்றாகக் கணக்கிடப்படும். பெரும்பாலான பேட்டரிகள் சில நூறு சுற்றுகளுக்குப் பின்னரே தளரத் தொடங்குகின்றன.

எப்பொழுதும் மின்இணைப்பிலேயே வைத்திருந்தால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகுமோ? ஆகாது, உள்ளிருக்கும் மின்சுற்று அதைத் தடுத்துவிடும். எனினும் நாள் முழுவதும் 100 சதவீதத்தில் நிற்பது பேட்டரியை முதுமையடையச் செய்யும். பல நிறுவனங்களின் கணினிகளில் 80 சதவீதத்துடன் நிறுத்தும் அமைப்பு உள்ளது, அதைப் பயன்படுத்துங்கள். பயணத்திற்கு முன்போ, மின்தடை எதிர்பார்க்கப்படும் நாளிலோ முழுமையாகச் சார்ஜ் செய்வதில் தவறில்லை.

கட்டிலின் மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்துப் பயன்படுத்தினால் காற்றுத்துளைகள் அடைபட்டு வெப்பம் பெருகும். மேசையோ, ஒரு பலகையோ போதும். மே மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊர் செல்வோர், கணினியைப் பாதியளவு சார்ஜுடன் அணைத்து, வெயில்படாத இடத்தில் வைத்துச் செல்லவேண்டும்.

கணினியின் அடிப்பாகமோ, விரல்படும் பலகையோ மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்துவதும் குத்துவதும் தீவிபத்தில் முடியலாம். அதைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தயாரிப்பாளர்மேல் சுமத்தியுள்ளன. எனவே அவற்றை வீட்டுக் குப்பையுடன் எறியாதீர்கள்.

பேட்டரி முதுமையடைவதை எவராலும் நிறுத்த இயலாது. ஆயினும் இப்பழக்கங்களை இன்றே வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தால், அச்செலவை நெடுநாள் தள்ளிப்போடலாம்.