உங்கள் சேர்வர் வெளியாருக்கு என்ன சொல்கிறது?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தந்த வாக்குமூலங்கள், காணி உறுதிகள், புகைப்படங்கள் முதலியவை முன்னர் அலுமாரிகளில் இருந்தன. இன்று அவற்றிற் பல கணினிகளில் இருக்கின்றன. அலுமாரி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கலாம். ஆவணங்களைப் பகிரும் சேர்வரை எப்படிச் சோதிப்பது? லினக்ஸ் கணினிகளில் உள்ள 'ஆர்பிசிஇன்போ' என்ற சிறிய கட்டளை அதற்கு உதவும்.

ஒரு கணினி, வலையமைப்பின் ஊடாக இன்னொரு கணினியிடம் வேலை வாங்கும் முறையே ஆர்பிசி. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்எப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை இதன் மீதே கட்டப்பட்டது. இச்சேவைகளுக்கு நிலையான இலக்கங்கள் உண்டு. என்எப்எஸ் 100003, கோப்புறைகளை இணைத்துக் கொடுக்கும் சேவை 100005. ஆனால் அவற்றிற் சில இயங்கும் போர்ட் மாறக்கூடியது. எனவே எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் உள்ளது என்று சொல்வதற்காக, 111ஆம் போர்ட்டில் 'ஆர்பிசிபைண்ட்' என்ற பதிவாளர் காத்திருக்கும். தடுத்து வைக்காவிட்டால், கேட்பவர் யாராக இருந்தாலும் அது பதில் சொல்லும்.

கட்டளையின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டுங்கள். பின்னர் இடைவெளி விட்டு, சிறு கோட்டையும் 'பி' எழுத்தையும் சேர்த்துத் தட்டி, மீண்டும் இடைவெளி விட்டு சேர்வரின் முகவரியைக் கொடுங்கள். சேவை இலக்கம், பதிப்பு, டிசிபியா யுடிபியா, போர்ட், பெயர் என ஐந்து நிரல்கள் தோன்றும். இதை அலுவலகத்துக்கு வெளியே, வேறொரு இணைய இணைப்பில் இருந்து செய்வதே முக்கியம். உங்கள் பொறுப்பில் உள்ள சேர்வரை மட்டுமே சோதியுங்கள்.

வெளியிலிருந்து கேட்கும்போது அந்தப் பட்டியல் வந்தால், அது எவருக்கும் வரும். அதில் 100005 இருந்தால், 'ஷோமவுன்ட்' கட்டளையுடன் சிறு கோடும் 'இ' எழுத்தும் சேர்த்துக் கேட்பவருக்குப் பகிரப்பட்ட கோப்புறைகளின் பெயர்களும் தெரிய வாய்ப்புண்டு. கோப்புறைக்கு ஊரின் பெயரோ சாட்சியின் பெயரோ வைத்திருந்தால், உள்ளே நுழையாமலே ஒருவர் வேண்டியதை அறிந்துகொள்வார். பகிர்வுக்கு எதிரே நட்சத்திரக் குறி இருந்தால், அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு தீங்கும் உண்டு. பிறரின் முகவரியைப் போலியாகக் காட்டிக் கேட்டால், பதிவாளர் அந்த முகவரிக்கே கேள்வியை விட 7 முதல் 28 மடங்கு பெரிய பதிலை அனுப்பும். இணையத்தளங்களை முடக்கும் தாக்குதல்களுக்கு இது பயன்படுத்தப்பட்டுள்ளது.

என்எப்எஸ் தேவையில்லாவிட்டால் அதனையும் ஆர்பிசிபைண்டையும் நிறுத்திவிடுங்கள். தேவையென்றால், நீங்கள் அனுமதித்த கணினிகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஃபயர்வோலில் வழியை மூடுங்கள். 111ஐ மட்டும் மூடுவது போதாது. பதிவாளர் மௌனமானாலும் என்எப்எஸ் வழக்கமாக இயங்கும் 2049 திறந்திருக்கலாம். என்எப்எஸ் 4ஆம் பதிப்புக்குப் பதிவாளரே தேவையில்லை. மூடிய பின் மீண்டும் வெளியிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

சாட்சி சொன்னவர்கள் எங்களை நம்பித்தான் தங்கள் பெயரைத் தந்தார்கள். அந்தப் பெயரைக் காப்பதும் ஆவணப்படுத்தலின் ஒரு பகுதியே.