கணிப்பொறிக்கும் ஒரு காவலாளி



அலுவலகங்களோடு நின்றிருந்த கணிப்பொறி நம் இல்லங்களுக்குள் வந்து நெடுநாளாகிவிட்டது. அத்தாவின் கடைக் கணக்கு, மகளின் கல்லூரிப் பாடம், மூத்தவனின் நிக்காஹ் படங்கள், சில வீடுகளில் மஹல்லா ஜமாஅத்தின் சந்தாப் பதிவேடும்கூட, எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணிப்பொறிகளுள் சில இன்னும் கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும், ஈரோட்டிலும் திருப்பூரிலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வாசற்கதவைப் பூட்டாமல் உறங்கச் செல்லாத நாம், இந்தப் பெட்டியின் கதவு பூட்டியிருக்கிறதா என்று என்றேனும் பார்த்ததுண்டா?

பாராததன் விளைவை 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. அம்மாதம் 12ஆம் நாள், வெள்ளிக்கிழமை, ‘வன்னாகிரை’ என்னும் கொடிய நிரல் கணிப்பொறிகளுக்குள் பரவத் தொடங்கியது. உள்ளிருக்கும் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கப்பம் கட்டு என்று திரையில் மிரட்டியது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். எங்கோ நடந்தது என்று எண்ண வேண்டா. நம் கோவையிலிருந்து வாளையாறு கடந்தால் வரும் பாலக்காட்டில், தென்னக ரயில்வேயின் கோட்ட அலுவலகக் கணிப்பொறிகள் சில அதே வாரத்தில் முடங்கின. வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்களும் தப்பவில்லை.

இதில் வேதனை யாதெனில், நோய் வருவதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது என்பதுதான். வன்னாகிரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் தேதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஊடுருவல் கருவி ஏப்ரலில் களவாகக் கசிந்தது. அதைக் கொண்டு மே மாதத்தில் தாக்கினார்கள். இடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தன! பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, அந்தத் திருத்தம் எளிதாகக் கிடைக்கக்கூடிய விண்டோஸ் 7 கணிப்பொறிகளே. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பொத்தானை அழுத்தியவர்கள் அத்தனை பேர்.

இது முதன்முறையும் அன்று. 2003ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு திருத்தம் வெளிவந்தது. அதைப் பொருத்தாதவர்களின் கணிப்பொறிகளை ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்னும் நிரல் பிடித்துக்கொண்டது. அறுபது வினாடி எண்ணிவிட்டுத் தானாகவே அணைந்து போகும் கணிப்பொறியை அன்று கண்டவர்களுக்கு இது நினைவிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் ‘ஃபயர்வால்’ என்ற தடுப்புச் சுவர் அப்போதே உள்ளே இருந்தது. ஆனால் அதை இயக்காமலேயே விற்றார்கள்! 2004 ஆகஸ்டில் வந்த பெரிய புதுப்பித்தலுக்குப் பிறகே அது தானாக இயங்கலாயிற்று.

அந்தச் சுவர் என்ன செய்கிறது? வெளியுலகோடு பேச ஒரு கணிப்பொறிக்கு 65,535 எண்ணிட்ட வாயில்கள் உண்டு. எந்த வாயிலில் யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் காவலாளியே ஃபயர்வால். வன்னாகிரை நுழைந்தது 445ஆம் எண் வாயில் வழியாக. அது, ஒரு கணிப்பொறியின் கோப்புகளை மற்றொன்றோடு பகிர்ந்துகொள்ளும் வாயில். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் உக்கடம் மொத்தக் கடையிலும் நான்கு மேசைகளில் ஒரே கணக்கைத் திறக்கிறார்களே, அந்தப் பகிர்வுதான்.

இங்கேதான் நம்மவர்கள் செய்யும் பெரும் தவறு ஒன்று இருக்கிறது. கணக்கு மென்பொருள் அடுத்த மேசையில் திறக்கவில்லை, அல்லது பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றதும், பழுது பார்க்க வருபவர் முதலில் ஃபயர்வாலை முற்றாக அணைத்துப் பார்க்கிறார். வேலை நடந்துவிடுகிறது. அவர் போய்விடுகிறார். சுவர் அணைந்தபடியே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஒரு விருந்தாளி வருவதற்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் கழற்றி வைப்பாருண்டோ?

நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பட்டியலில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்பதைத் திறந்து, ஃபயர்வால் பகுதிக்குச் செல்லுங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூன்று வலைப்பின்னல்கள் தெரியும். மூன்றுமே ‘ஆன்’ என்றிருக்க வேண்டும். வீடும் கடையும் ‘பிரைவேட்’ ஆக இருக்கலாம். ரயில் நிலையம், உணவகம், விடுதி போன்ற பொது இடத்து வைஃபை எப்போதும் ‘பப்ளிக்’ ஆகவே இருக்கட்டும். பல சமயம் பிரிண்டர் தெரியாமற்போவதற்குக் காரணமே, வீட்டு வைஃபை தவறுதலாக ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருப்பதுதான். அதை மாற்றினால் போதும். ஏதேனும் ஒரு மென்பொருள் மட்டும் தடைபட்டால், ஃபயர்வால் வழியே ஒரு செயலியை அனுமதிக்கும் பகுதியில் அந்த ஒன்றை மட்டும், அதுவும் ‘பிரைவேட்’ கட்டத்தில் மட்டும், குறியிட்டு அனுமதியுங்கள்.

‘ஆன்’ செய்ய முயன்றும் இயங்க மறுத்தால்? வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால், அதன் தடுப்புச் சுவருக்கு இடம் விட்டு விண்டோஸின் சுவர் ஒதுங்கியிருக்கக்கூடும். அதன் ஓராண்டுச் சந்தா முடிந்து போயிருந்தால் இரண்டும் கெட்டான் நிலைதான். புதுப்பியுங்கள், இல்லையேல் முறையாக நீக்கிவிடுங்கள். அதன் பிறகும் சரியாகாவிடில், ‘சர்வீசஸ்’ என்னும் பட்டியலைத் திறந்து, ‘பேஸ் ஃபில்டரிங் எஞ்சின்’, ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால்’ ஆகிய இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். முன்னது நின்றால் பின்னது எழாது. யார் எதை மாற்றினார்கள் என்றே தெரியாத பழைய கணிப்பொறியென்றால், ஃபயர்வாலைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் ‘ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்’ வசதி அங்கேயே உண்டு. கொடுத்த அனுமதிகளை மட்டும் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆயினும் சுவர் ஒன்றே போதாது. பகிர்வுக்காக நாமே திறந்துவைத்த வாயிலில் ஓட்டை இருந்தால் காவலாளி என்ன செய்வான்? அதை அடைப்பது புதுப்பித்தல். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று மைக்ரோசாஃப்ட் அவற்றை வெளியிடுகிறது. நமக்கு அன்றிரவு அல்லது புதன்கிழமை கிடைக்கும்.

புதுப்பித்தல் நின்றுபோவதற்கு நம் வீடுகளில் வழக்கமான காரணங்கள் எளியவை. கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’ வழியே இணைத்தால், அதை அளவுக்குட்பட்ட இணைப்பு என்று குறித்திருக்கும்போது, செலவு கருதி விண்டோஸ் பெரும்பாலானவற்றை இறக்காமலே இருந்துவிடும். மாதம் ஒருமுறையேனும் அந்தக் குறியை நீக்கிவிட்டு இறக்குங்கள். வட்டில் இடமில்லாவிட்டாலும் நின்றுவிடும். பழைய பெட்டியில் கடிகாரச் சிறு பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போயிருந்தாலும் நின்றுவிடும். எதுவும் பிடிபடவில்லையென்றால், செட்டிங்ஸில் ‘டிரபிள்ஷூட்’ பகுதியில் உள்ள சோதனையை ஓட்டுங்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் தொடங்காதீர்கள். மடிக்கணிப்பொறியை மின்னிணைப்பில் வைத்தே செய்யுங்கள்.

திருட்டுப் பிரதிகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றைப் பொருத்தித் தருவோர் பலர், குட்டு வெளிப்படாதிருக்கப் புதுப்பித்தலையே முடக்கிவிட்டுத் தருகிறார்கள். அது ஹலாலா ஹராமா என்பதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். ஜமாஅத்தாரின் பெயர்ப் பட்டியலும் வாடிக்கையாளர்களின் கணக்கும் நம்மிடமுள்ள அமானிதங்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது நம் மார்க்கம் காட்டிய வழியன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 10இல் தனியாகப் பதிவு செய்துகொண்ட இல்லத்தாருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை வைத்தார்கள். அரசு தந்த பழைய மடிக்கணிப்பொறிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11ஐத் தாங்கா. அவற்றை எறிய வேண்டியதில்லை. இலவசமான லினக்ஸைப் பொருத்தினால் பிள்ளைகளின் பாடத்துக்குப் போதும். இல்லையேல் இணையத்தைத் துண்டித்து, தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் திரையில் மிரட்டல் தோன்றிவிட்டால், முதலில் வைஃபையையும் வலைக்கம்பியையும் துண்டித்துவிடுங்கள். கப்பம் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பூட்டப்பட்டதை மீட்கக் கைகொடுப்பது முன்பே எடுத்து வைத்த நகல்தான். அந்த நகலை எடுத்ததும் வெளி வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால், வன்னாகிரை போன்றவை அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.