உப்புக்கு ஏன் கிராக்கி?

கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. கோடியக்கரையில் உப்புத் தண்ணீருக்கா பஞ்சம்? ஆனால் பருவம் தப்பிய மழை நாலு நாள் பிடித்துக்கொண்டால் போதும், பக்கத்துக் கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் சரக்குக்குக் கிராக்கி வந்துவிடும். அங்கே தட்டுப்பாடு வெயிலுக்குத்தான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சமையல் உப்பு சுமார் 27 கிராம். ஒரு கிலோ எடுக்க 37 லிட்டராவது வற்றியாக வேண்டும். பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சி வற்றவைக்கையில், நீரின் அடர்த்தியைப் போமே மானியில் டிகிரி பார்க்கிறார்கள். கடல்நீர் மூன்று டிகிரியை ஒட்டி இருக்கும். அடர்த்தி ஏற ஏற முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம் படியும். 25-ஐத் தொட்டால் உப்பு பூக்கும். 30 வரை விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கைக்கும். அதற்குள் வாரிவிட வேண்டும்.

இந்த நேரத்தில் மழை வந்தால்? ஒரு லிட்டர் நன்னீர் 360 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 10 லிட்டர். அது மூன்றரைக் கிலோ உப்பை விழுங்கப் போதும்.

மலிவாகிவிட்டதே என்று ரசத்தில் யாரும் இரண்டு கல் உப்பு கூடப் போடுவதில்லை. விலை ஏறியதென்று உப்பில்லாமல் உண்பதுமில்லை. தேவை இப்படி அசையாமல் நிற்கும்போது, வரத்தில் சிறு குறைவும் விலையைத் தூக்கிவிடும். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு ஏறும் என்று 1699-லேயே இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் அச்சிட்ட கணக்கு ஒன்று உண்டு. உப்புக்கும் அதே போக்குதான்.

அப்படியானால் உப்பளக்காரருக்குக் கிராக்கி நாளில் யோகமா? அம்பாரம் குவித்து, கீற்று போட்டு மூடி வைத்திருந்தவருக்கு யோகம். மற்றவர்களுக்கு விலை ஏறும்போது கையில் சரக்கு இருக்காது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் வேதாரண்யத்துப் பாத்திகளில் கடல் சேற்றையே கொண்டுவந்து கொட்டியது. உப்பு வாருவது இருக்கட்டும், முதலில் சேறு வாரவேண்டியதாயிற்று.

இன்னொரு வகைக் கிராக்கியும் உண்டு. 2016 நவம்பரில் டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்பு தீர்ந்துபோகிறதென்று வதந்தி பரவி, ஜனங்கள் கடைகளை மொய்த்தார்கள். விலை எகிறியது. உப்பு குறையவே இல்லை என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது. நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது. அடுத்த முறை உப்புக்குத் தட்டுப்பாடு என்று யாராவது சொன்னால், வாங்கிக் குவிக்கும் முன் அங்கே மழை பெய்ததா என்று பாருங்கள்.