தன்னை ஆளும் திறன்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழகத்தின் வட எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆரம்பாக்கம். அதற்குத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அங்குள்ள ஆலைகளில் இரவும் பகலும் முறை வைத்து உழைப்போர் பலர். ஆலைக்குள் சங்கு ஊதியதும் வேலையில் நிற்கிறோம். மேற்பார்வையாளர் நம்மைக் கண்காணிக்கிறார். ஆனால் சம்பள நாளன்று ஆலை வாயிலைக் கடந்தபின் நம்மைக் கண்காணிப்பவர் யார்? ஒருபுறம் மதுக்கடை, மறுபுறம் கைப்பேசியில் சூதாட்டம். மாதமெல்லாம் சிந்திய வியர்வையின் பயன் மனைவி மக்களைச் சென்றடையுமா என்பதை அவ்வேளையில் முடிவு செய்வது நம் மனச்சான்று ஒன்றே.

அம்மனச்சான்று ஒரே நாளில் வலிமை பெறுவதன்று. நாள்தோறும் சிறு காரியங்களில் பழக்கப்பட்ட மனமே பெரிய சோதனையில் நிலைத்து நிற்கும். இதற்குத் தமிழக வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

1577-இல் உரோமை நகரில் உயர்குடியிற் பிறந்து, 1606-இல் மதுரை வந்து சேர்ந்தவர் இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதகர் எனத் தமிழ் மக்கள் அழைத்த அவ்வடிகளார், புலாலைத் துறந்தார். சோறும் காய்கறியுமாய் நாளுக்கு ஒரு வேளையே உண்டார். தமிழையும் வடமொழியையும் அயராது கற்றார். பின்னர் வந்தது பெருஞ்சோதனை. அவருடைய முறை தவறானது என்று உடனிருந்த குருவே மேலிடத்தில் முறையிட்டார். விசாரணை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1619-இல் கோவாவில் கூடிய மன்றத்திலும் எதிர்ப்பே மிகுந்தது. அவரோ தம் பணியைக் கைவிடவில்லை. திருச்சபையின் அதிகாரத்தை மீறவுமில்லை. காரணங்களை எழுத்தில் எடுத்துரைத்துக் காத்திருந்தார். 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். முதுமையில் கண்ணொளி குன்றிய நிலையில், 1656-இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

சாதி வேற்றுமைக்கு அவர் இடங்கொடுத்தார் எனக் குறை கூறுவோரும் உளர். அவ்வாராய்ச்சி ஒருபுறமிருக்க, வயிற்றை ஆளப் பழகியவர் சினத்தையும் நாவையும் ஆண்டார் என்பதை நாம் மறுத்தற்கில்லை.

நம் இல்லங்களில் இதனை எவ்வாறு தொடங்கலாம்? நாளுக்கு ஒரு தேநீரைத் தவிர்த்து அக்காசை உண்டியலில் இடலாம். சினம் எழும்போது மறுமொழியைச் சற்றுத் தள்ளிப் போடலாம். இரவு உணவின்போது கைப்பேசியை அப்பால் வைக்கலாம். உறங்குமுன் அன்றைய நாளைச் சில நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். தவக்காலத்தில் மேற்கொள்ளும் ஒறுத்தல், உயிர்ப்புப் பெருவிழாவோடு முடிந்துவிட வேண்டியதில்லையே!

ஒன்றை நினைவிற் கொள்வோம். குடிநோய்க்கு ஆட்பட்டவருக்கு மனவுறுதி மட்டும் போதாது. மருத்துவ உதவியும் குடும்பத்தாரின் பொறுமையும் தேவை. அவரை இகழ்வது நற்பண்பாகாது.

பெற்றோரே, பிள்ளைகள் நம் அறிவுரையைவிட நம் நடத்தையையே உற்று நோக்குகின்றனர். சம்பள நாளன்று தந்தை நேரே வீடு வந்து சேர்வதைக் காணும் மகனுக்குத் தன்னடக்கத்தைப் பற்றித் தனிப்பாடம் தேவைப்படாது. ஆகவே, ஒரு சிறு மறுத்தலோடு இன்றே தொடங்குவோமாக.