பழைய லேண்ட் ரோவரை உயர்த்துமுன்

கம்போங் ராஜாவில் முட்டைக்கோசு ஏற்றும் எங்கள் வண்டி 'சீரிஸ் 3' லேண்ட் ரோவர். 1971 முதல் 1985 வரை தயாரான வகை. சேற்றில் அடிவயிறு தட்டுகிறதென்று அப்பா அதை உயர்த்த நினைத்தார்.

மலிவான வழி, ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டுவது. 50 மில்லிமீட்டர் நீட்டினால் வண்டி ஏறக்குறைய 25 மில்லிமீட்டர்தான் உயரும். முன் அச்சின் சாய்கோணமும் மாறும். ஸ்டீயரிங் பழையபடி பேசாது. மலை இறக்கத்தில் அதை உணர்ந்த அப்பா, மறுநாளே பழைய ஷேக்கிளை மாட்டிவிட்டார்.

பிறகுதான் ஸ்பிரிங்கைப் பார்த்தோம். பல்லாண்டுச் சுமையில் தகடுகள் தட்டையாகியிருந்தன! இழந்த உயரத்தை மீட்கப் புதிய ஸ்பிரிங்கே போதும். தகடு குறைந்த பாரபோலிக் வகை மென்மையாக ஓடும். ஆனால், காய்கறி மூட்டைக்குப் பாரத்துக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னும் உயர்த்துவோர் பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர் இவற்றின் நீளத்தையும் பார்க்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் தேவை. இத்தனைக்கும் ஸ்பிரிங் உயர்த்துவது வண்டியின் உடலைத்தான். கல்லில் இடிக்கும் டிஃபரன்ஷியல் அதே இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே.

நாங்கள் ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொண்டோம்.